பெருமாள்ராஜ் உள்ளே, தாம்பூலம் வெளியே

கார் நிறுத்த வீட்டோடு ஒரு ஷெட், அந்த ஷெட்டுக்கு மோட்டார் வைத்த ஷட்டர், அந்த ஷட்டருக்கு ஒரு ரிமோட், அந்த ரிமோட்டை அரைஞாணில் கோக்காத குறையாக இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு நடை. எங்கள் தெருவில் இப்படிப்பட்ட ஜமீன்தார்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் அந்த ஷட்டரை மாதத்துக்கு ஒருதரம் பழந்துணியால் துடைக்கிற மனிதன் பாளையங்கோட்டையிலேயே ஒருவன்தான். தாமிரபரணி தொடங்கும் மலையிலிருந்து கடலில் சேரும் இடம் வரைக்கும் தேடினாலும் ஒருவன்தான். அது நான்.

என் பெயர் எஸ்றா. இன்சூரன்ஸ் கம்பெனியில், நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் சேதத்தைப் போய்ப் பார்த்து, அது தானாகக் கெட்டதா, இவர்கள் கெடுத்ததா என்று சொல்லுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். மனிதன் ஒரு பொருளை எப்படியெல்லாம் பாழாக்குவான் என்பதைப் பார்ப்பதற்காகவே எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது பென்ஷன் கொடுக்கிறார்கள். நான் அதே வேலையை இலவசமாகத் தொடர்கிறேன்.

ஷட்டரைப் பேணுவதில் ஒரு வித்தையும் இல்லை. இரண்டு பக்கமும் அது ஏறி இறங்குகிற தடத்தைத் துடைக்க வேண்டும். எண்ணெய் ஊற்றக் கூடாது, ஊரிலுள்ள தூசியையெல்லாம் விருந்துக்கு அழைத்துவிடும். கடையில் சிலிக்கான் ஸ்பிரே என்று ஒரு டப்பா விற்கிறார்கள், அதைப் பட்டும் படாமலும் அடித்தால் போதும். நட்டுகளை ஒரு சுற்று முறுக்கிப் பார்க்க வேண்டும். கரண்டு போனால் கையால் தூக்குவதற்கென்று ஒரு சங்கிலி உண்டு, அதை அவ்வப்போது இழுத்துப் பார்க்க வேண்டும். போட்ட காபி குடிக்கிற பதத்துக்கு ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இதைச் செய்யச் சொன்னால், என் தெருக்காரர்கள் என்னவோ கிட்னியைக் கழற்றிக் கொடுக்கச் சொன்னதுபோல் பார்ப்பார்கள்.

இதில் எனக்கு ஜாதி மத பேதம் கிடையாது. எங்கள் சபையைச் சேர்ந்த கிருபைராஜ் வாத்தியார், தன் வீட்டு ஷட்டர் பாதியில் நின்றபோது துணியை எடுக்கவில்லை. வீட்டு ஜெபக்கூட்டம் வைத்தார். அடுத்த வீட்டு நெல்லையப்பனோ வெள்ளிக்கிழமைதோறும் மோட்டார்ப் பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, ஷட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். கடைக்காரர் அல்லவா, கடைக் கதவுக்குச் செய்வதையே வீட்டுக் கதவுக்கும் செய்தார்.

அந்த ஷட்டர் இறங்கும்போது கேட்கிற சத்தத்தை நான் மிகைப்படுத்தவே விரும்பவில்லை. சந்திப்பிள்ளையார் முக்கில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் ரயில் வந்துவிட்டது என்று மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், அவ்வளவுதான்.

"நெல்லையப்பன், தடத்தைத் துடையும் வே. இடது பக்கம் அழுதுக்கிட்டுல்லா இறங்குது" என்பேன், சுவருக்கு இந்தப் பக்கமிருந்து.

"அதுக்கு வாரந்தவறாம சூடம் காட்டுதேன். ஒம்ம ஷட்டருக்கு யாரு வே இருக்கா?"

"என் ஷட்டருக்குத் துணி இருக்கு."

"துணியைக் கொண்டு போயி ஒம்ம வாயில அடையும்."

எங்கள் நட்பு அப்படிப்பட்டது.

நெல்லையப்பனுக்குக் கருப்பட்டி மொத்த வியாபாரம். உடன்குடியிலிருந்து ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாக வரும். கருப்பட்டிக்கு ஈரம் ஆகாது. வாடைக்காற்று பட்டாலே வியர்த்துக் கசிந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அதை அடுப்புப் புகை எட்டுகிற பரணில் ஏற்றி வைப்பார்கள். போன ஐப்பசி மழையில் இவருடைய குடோன் கூரை ஒழுகியது. கூரையைச் சரிசெய்ய ஆள் கூப்பிட்டாரா? சரக்கு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுவந்து கார் ஷெட்டுக்குள் அடுக்கினார். இடது பக்கச் சுவர் நெடுக, ஷட்டர்த் தடத்தை ஒட்டி, கூரை வரைக்கும். மிச்சத்தை ஷெட்டிலிருந்து வீட்டுக்குள் போகிற சின்னக் கதவை மறைத்து. பெட்டிகள் இரவும் பகலும் வியர்த்தன. பாகு இறங்கி, தடத்துக்குள் போய், அங்கே ஏற்கெனவே குடியிருந்த தூசியோடு கலந்து இறுகியது. திருநெல்வேலி ஜில்லா எறும்புகள் மாநாடு கூடின. தூத்துக்குடி ஜில்லாவிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் நான் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பரம சந்தோஷத்தில் இருந்த சமயத்தில்தான், அவர் மகள் அனுராதாவைப் பெண் பார்க்க ஏரலிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது.

பெண் பார்ப்பது என்பது பேச்சுக்குத்தான். அனுராதாவும் அந்தப் பையனும் ஒரே ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவர்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பையனின் அம்மாவுக்கும் பூரண சம்மதம். பாக்கி அப்பா பெருமாள்ராஜ். அவர், வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். இதற்கு முன் பார்த்த ஒரு வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை என்று கையிலெடுத்த காபியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனவராம். "வீட்டை வச்சிருக்கிற லெச்சணத்துலதான் பொண்ணை வளத்திருப்பான்" என்பது அவருடைய சித்தாந்தம். பிடித்திருந்தால் அன்றைக்கே தாம்பூலத் தட்டு மாற்றுவார். தட்டு மாறாமல் கிளம்பினால் அதற்குமேல் பேச்சே கிடையாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அதற்குள் முடிய வேண்டும்.

அன்று மதியம் அனுராதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ, முகத்தில் மட்டும் கலவரம்.

"மாமா, இன்னிக்கு ஒரு நாளு வாயைக் கட்டிக்கிடுங்க."

"நான் என்னத்தம்மா சொல்லப் போறேன்?"

"அதைத்தான் சொல்லுதேன். ஒண்ணும் சொல்லாதீங்க."

சத்தியம் செய்தேன். செய்யும்போது உண்மையாகத்தான் செய்தேன்.

மூன்று மணிக்குமேல் ஏரல்காரர்கள் வந்தார்கள். பையனும் அவன் அம்மா சுடலைவடிவும் வாசலிலேயே இறங்கிக்கொண்டார்கள். காரை ஓட்டிவந்த பெருமாள்ராஜ் தெருவோரம் நிறுத்தப் போனார். நெல்லையப்பனுக்கு மரியாதை பொங்கிவிட்டது.

"அண்ணாச்சி! நம்ம வீட்டு வண்டி தெருவுல நிக்கலாமா? ஷெட்டுக்குள்ள விடுங்க. என் வண்டியை வெளிய போட்டாச்சு."

நான் உள்ளே போய் நின்று, "வரலாம், வரலாம், பைய, பைய" என்று வழிகாட்டினேன். தொழில் பழக்கம், காரையும் நோட்டமிட்டேன். கூரை முழுக்கக் காக்கை எச்சம். வைப்பரில் புளிய இலைச் சருகு. அது ஏன் என்று எனக்கு அப்போது உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. பெருமாள்ராஜ் இறங்கினார். ஆள் ஒரு கல்தூண். தூணுக்கு நடுவில் ஒரு தொப்பை.

வெளியே நின்ற நெல்லையப்பன் ரிமோட்டை எடுத்தார். "அண்ணாச்சி, அங்கனயே நில்லுங்க. இதைப் பாருங்க. கையே படாது."

நான் தடுத்திருக்கலாம். இந்தக் காட்சிக்காக மழை தொடங்கிய நாளிலிருந்து தவம் கிடந்தவன் தடுப்பானா? நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டேன்.

ஷட்டர் இறங்கியது. வலது பக்கம் கடகடவென்று வந்தது. இடது பக்கம், கல்யாண வீட்டில் மொய் எழுதக் கூப்பிட்ட மைத்துனன்போல, வரவா வேண்டாமா என்று யோசித்தது. பிறகு வாய் கோணியது. ஒரு முனகல், ஒரு வெடிச்சத்தம், மோட்டாரிலிருந்து கருகல் வாடை. தரைக்கு ஒரு சாண் மேலே ஷட்டர் கோணலாக நின்றது. உள்ளே இருட்டு. அந்த ஒரு சாண் வெளிச்சத்தில் நெல்லையப்பனுடைய கால் விரல்கள் பத்தும் தெரிந்தன.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி!" என்றன விரல்கள். "இந்தா தூக்கிருதேன்!"

தூக்கவில்லை. கையால் பிடித்துத் தூக்கினார்கள், அசையவில்லை. ஷட்டர் போட்ட ஆளுக்குப் போன் போட்டார்கள். அவன் குரல் ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது: "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைல்லா அண்ணாச்சி? நான் உடன்குடில மச்சினன் வீட்டுல கறிச்சோறு திங்கேன். வருஷம் ஒருக்க சர்வீஸ் பண்ணணும்னு சொன்னப்ப என்னைய நாயை வெரட்டுத மாதிரி வெரட்டுனீயள்லா? தின்னுட்டு வாரேன்."

உள்ளே பெருமாள்ராஜ் என்னைப் பார்த்தார். "என்ன வே இது? ஏன் நிக்குது?"

கர்த்தர் அறிய, நான் வாயைத் திறக்க நினைக்கவில்லை. ஆனால் சேதத்தின் நடுவே நிற்கவைத்து ஏன் என்று ஒருவர் கேட்டால், என் நாக்கு என்னைக் கேட்பதில்லை. செல்போன் விளக்கைப் போட்டேன்.

"இந்தத் தடத்தைப் பாருங்க. இது இரும்பா, மிட்டாயா? விரலை வையுங்க."

வைத்தார். எடுக்கச் சிரமப்பட்டார். "ச்சே! எறும்புல்லா கடிக்குது!"

"அது எறும்பு இல்ல, வீட்டுக்காரரு. நாமதான் வாடகைக்கு நிக்கோம். சரி, கையால தூக்கச் சங்கிலி இருக்கணுமே, அது எங்கன? அந்தா."

விளக்கைத் தூக்கிக் காட்டினேன். சங்கிலியில் ஒரு முழு நாட்டுவாழைத் தார் தொங்கியது. பழுக்கத் தோதான இடம் என்று நெல்லையப்பன் மனைவி முத்துராணி மாட்டிவைத்திருந்தாள். தாரின் பாரத்தில் சங்கிலி சக்கரத்தைவிட்டு நழுவி, பல்லுக்குள் சிக்கிக் கிடந்தது.

"அட கோட்டிக்காரப் பயலுவளா" என்றார் பெருமாள்ராஜ்.

"வீட்டுக்குள்ள போற கதவு?" என்றேன்.

"அது எங்கன?"

"அந்தக் கருப்பட்டிக்குப் பின்னால. ஒரு பெட்டியை நகத்திப் பாருங்க."

அவர் தோள் கொடுத்து முட்டினார். பெட்டிகள் ஒன்றோடொன்று பாகில் ஒட்டி ஒரே பாறையாகிவிட்டிருந்தன. பொதிகை மலையைத் தள்ளிவிடலாம், அதைத் தள்ள முடியாது.

பெருமாள்ராஜுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் கண்ணில் ஒரு பிரகாசம். எனக்கு அந்தப் பிரகாசம் தெரியும், கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அடுத்தவன் வீட்டுக் கோளாறைக் கண்டுவிட்ட ஆனந்தம். அவர் ஒரு நட்டைத் தொட்டார், அது கையோடு வந்தது. நான் ஒரு திருகைக் காட்டினேன், அவர் துப்பினார். மோட்டார்ப் பெட்டியில் காய்ந்த சந்தனத்தைப் பார்த்து இரண்டு பேரும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தோம். அப்படியொரு சிநேகம் எனக்கு என் சொந்தத் தம்பியிடம் ஏற்பட்டதில்லை. வாழைத்தாரிலிருந்து பழத்தைப் பிய்த்து, பாறையிலிருந்து கருப்பட்டியைச் சுரண்டி, தின்றுகொண்டே திட்டினோம். எங்கள் குரல் அந்த ஒரு சாண் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது என்பது என் மண்டைக்கு எட்டவில்லை.

கடைசிப் பழத்தோலைக் கீழே போட்டுவிட்டு அவர் சொன்னார். "சார்வாள், நீரு நல்ல நேரத்துல என் கண்ணைத் தொறந்தீரு. கதவு ஓடுத தடத்தைத் துடைக்காதவன் வீட்டுல வளந்த பொண்ணு, என் வீட்டை எப்படி வச்சிக்கிடும்? தட்டு மாத்துறதா இல்ல. கதவு தொறந்ததும் வண்டியை எடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

ஷட்டருக்கடியில் பட்டுச்சேலை தரையில் மடிந்தது. அனுராதாவின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. பிச்சிப்பூச் சரம் மண்ணில் கிடந்தது. அவள் பெருமாள்ராஜைப் பார்க்கவில்லை.

"மாமா" என்றாள் என்னிடம். அவ்வளவுதான்.

என் வாழ்நாளில் ஒருவரையும் புகழ்ந்து பழக்கமில்லை எனக்கு. ஆனாலும் முயன்றேன். "அண்ணாச்சி, ஒண்ணை யோசிக்கணும். கலப்படச் சரக்குன்னா எறும்பு வருமா? இத்தனை எறும்பு வந்திருக்குன்னா நெல்லையப்பன் எப்படிப்பட்ட யோக்கியன்!"

"என்ன வே ஒளறுதீரு?"

"வாழைத்தார்கூட பாருங்க, வீட்டுல பழத்துக்குப் பஞ்சமே இல்லங்கறதுக்கு…"

"நீருதான வே காட்டுனீரு!"

"காட்டுனேன். காட்டுனதுக்கு வேற அர்த்தமும் இருக்குல்லா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் நெல்லையப்பன் ஷட்டரைவிடக் கேவலமாகத் துருப்பிடித்துப்போனேன். எனக்கு வியர்த்தது. கருப்பட்டியும் நானும் சேர்ந்து வியர்த்தோம். அந்தப் பெண்ணின் கல்யாணத்தைச் சுரண்டித் தின்றுவிட்டேன் என்று புரிந்தது.

அப்போது ஷட்டருக்கு வெளியே இன்னொரு முழங்கால் மடிந்தது. பெருமாள்ராஜின் மனைவி சுடலைவடிவு. அந்த அம்மாள் வந்ததிலிருந்து வாயே திறந்திருக்கவில்லை.

"இந்தாங்க" என்றாள் புருஷனைப் பார்த்து. "உள்ள என்ன அவ்வளவு பேச்சு? நம்ம வீட்டு ஷட்டர் கதையைச் சொன்னீங்களா?"

பெருமாள்ராஜ் சட்டென்று இருட்டுப் பக்கமாக நகர்ந்தார். "ஏ, நீ சும்மா கெட."

"பக்கத்து வீட்டு அண்ணாச்சி, அவாள் வண்டியில காக்கா எச்சம் பாத்தீங்களா? வண்டி ரெண்டு வருசமா புளிய மரத்தடியிலதான் கெடக்கு. ஏன் கெடக்குன்னு கேளுங்க."

எனக்குள் செத்துக்கிடந்த ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்தது. "ஏன் தாயி கெடக்கு?"

"நம்ம வீட்டு ஷட்டரும் இதே மாதிரி பாதியில நின்னுட்டு. மேல சுருளுத எடத்துல கோழி ஏறி அடை கெடக்கு. தூக்குங்கன்னா, கோழி குஞ்சு பொரிக்கட்டும்னாங்க. பொரிச்சுது. அந்தக் குஞ்சும் வளந்து அங்கனயே ஏறி அடை கெடந்து, அதுவும் பொரிச்சிட்டு. இப்ப மூணாந் தலைமுறை நடக்கு."

"பாவம், வாயில்லாச் சீவனைக் கலைக்கக் கூடாதுன்னு…" என்றது இருட்டு.

"துணியை எடுத்து ஒரு நாள் துடைச்சிருப்பீங்களா? அந்தப் புள்ள நம்ம வீட்டை எப்படி வச்சிக்கிடும்னு கேக்கீங்களே, நம்ம வீடு இருக்கிற லெச்சணத்துக்கு எந்தப் புள்ள வரும்? இது வாரேங்குது. அதைக் கும்பிட்டுக் கூட்டிட்டுப் போகணும்."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஒரு கட்டிக் கருப்பட்டியை வாயில் திணித்துக்கொண்டேன். இன்னொரு ஷட்டர்! ஏரலில்! கோழியோடு! இப்படி ஒரு சேதத்தை என் சர்வீஸ் முழுவதிலும் ஒருத்தரும் எனக்குக் காட்டியதில்லை.

"மாமா" என்றாள் அனுராதா. இந்தமுறை பெருமாள்ராஜிடம். "நாலரைக்கு இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. தட்டைத் தள்ளச் சொல்லட்டுமா? பிடிச்சிக்கிடுவீங்களா?"

பெருமாள்ராஜ் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கருப்பட்டி இருந்ததால் திறக்கவும் முடியவில்லை. சத்தியத்தை அப்போதுதான் காப்பாற்றினேன்.

அவர் பெருமூச்சுவிட்டு, காருக்குப் போய் டிக்கியைத் திறந்து, உள்ளேயிருந்து ஒரு தட்டை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, பூ, பழம், தேங்காய், சேலை, எல்லாம் ஜோடித்துத் தயாராகவே கொண்டுவந்திருந்தார் மனுஷன். பிறகு அந்தக் கல்தூண் சிமென்ட் தரையில், பட்டுவேட்டியோடு, குப்புறப் படுத்தது. வெளியே நெல்லையப்பன் குப்புறப் படுத்தார். இரண்டு தொப்பைகள் தரையில் பரவின. நடுவில் ஒரு சாண்.

தட்டு இடித்தது. தேங்காய்க் குடுமி ஷட்டரில் மாட்டியது.

"தேங்காயைத் தனியா உருட்டுங்கய்யா!" என்று முத்துராணி கத்தினாள்.

தேங்காய்கள் உருண்டன, ஒன்று உள்ளே வந்தது, ஒன்று வெளியே போனது. உள்ளே வந்ததைக் காருக்கடியிலிருந்து நான்தான் தவழ்ந்து எடுத்தேன். அதன் பின்னால் தட்டுகள் நகர்ந்தன. வழியிலேயே எறும்புகள் ஏறிக்கொண்டன. சம்பந்தி வீட்டுச் சேலையைப் பார்க்க வந்த முதல் உறவினர்கள் அவர்கள்தான். "அண்ணாச்சி, பொண்ணைக் குடுக்கோம்" என்றார் நெல்லையப்பன், கன்னத்தைத் தரையில் வைத்தபடி. "எடுத்துக்கிடுதோம்" என்றார் பெருமாள்ராஜ், மூக்கிலிருந்த எறும்பைத் தட்டியபடி. குலவையும் ராகு காலமும் ஒன்றாகப் பிறந்தன. எது முந்தியது என்று இன்றும் தெருவில் வாதம் நடக்கிறது.

உடன்குடியில் கறிச்சோறு தின்ற ஷட்டர்க்காரன் விளக்கு வைத்த பிறகு ஏப்பம் விட்டபடி வந்து, கடப்பாரையால் நெம்பி எங்களை எடுத்தான். மோட்டார் புதிதாக மாற்றினார்கள்.

தை மாதம் கல்யாணம். இரண்டு சம்பந்திகளுக்கும் நான் ஆளுக்கொரு சிலிக்கான் ஸ்பிரே டப்பாவும், நல்ல மல்துணி இரண்டு கெஜமும் மேடையேறிக் கொடுத்தேன். போட்டோவில் இருக்கிறது. ஏரலில் அந்த டப்பாவைப் பரணில் போட்டுவிட்டார்களாம், துணி மட்டும் பயன்பட்டதாம். "கோழிக்கு மெத்தை போட்டிருக்காங்க மாமா" என்று அனுராதா போனில் சொல்லிச் சிரித்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே ஏணி போட்டு ஏறப்போவதாகவும் சொன்னாள். கோழியின் கதி எனக்குக் கவலையாக இருக்கிறது.

நெல்லையப்பன் என்ன செய்தார் என்று பார்க்க நானே போனேன். டப்பா ஷெட்டில் இல்லை. பூசை அறையில் இருந்தது. விளக்குக்கும் விபூதிக் கிண்ணத்துக்கும் நடுவே, மூடிகூடத் திறக்கப்படாமல், மூன்று பொட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்து.

"நல்ல காரியம் கூடி வந்தப்ப கெடைச்சதுல்லா, எஸ்றா" என்றார் கன்னத்தில் போட்டுக்கொண்டு.

வீட்டுக்கு வந்து என் ஷட்டரைத் துடைத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் புது மோட்டாரும் இடது பக்கமாக அழத் தொடங்கியிருக்கிறது. மறுபடியும் பெட்டிகள் ஏறுகின்றன. அனுராதாவின் தங்கைக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். ஐப்பசிக்குள் யாராவது வருவார்கள். இந்தமுறை எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.